சீனி வருத்தம் உள்ள மாமாவுக்கு எந்தச் சொக்லேட் பெட்டி வாங்கலாம்?

மாமாவுக்குச் சீனி வருத்தம், பிறந்தநாளுக்கு ஃபெரேரோ ரொஷே, மெர்சி மாதிரிப் பெட்டி வாங்குவதா, சீனியில்லாத சொக்லேட்டும் டொபியும் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்து முதல் தடவை போகிறீர்கள் போல, பதற்றம் கேள்வியிலேயே தெரிகிறது. என்னைக் கேட்டால், சீனியில்லாதது என்று தனிப் பெட்டி வாங்காதீர்கள். எல்லாரும் சாப்பிடக்கூடிய நல்ல பெட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள், அதிலிருந்து அவருக்கும் ஒன்று கொடுங்கள்.

உடனே "நீ என்ன டொக்டரா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. மாமா இன்சுலின் போடுகிறவர் என்றால் அவருடைய டொக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு டொக்டர் பட்டம் தேவையில்லை.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் ஊருக்குப் போகிற வழியில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்கு ஒரு பெரிய பெட்டி. அப்பாவுக்கு மட்டும் சீனியில்லாதது என்று தனியாக ஒன்று. "மாமா, இது நீங்கள் பயப்படாமல் சாப்பிடலாம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அப்பா நம்பிவிட்டார். மத்தியானம் நாங்கள் படுத்திருந்த நேரம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். நான் எழும்பி வந்தபோது தங்க நிறத் தாள்களை நகத்தால் நீவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். பெட்டியில் பாதி இல்லை. இரவு முழுக்க வயிற்றோட்டம். விடியச் சீனி பார்த்தால் இருநூறைத் தாண்டி நின்றது.

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் மல்டிட்டோல் என்று போட்டிருந்தது. சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பு அது. குடலில் அதில் ஒரு பங்கு குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேரும். சாதாரணச் சீனியை விட மெதுவாகத்தான் ஏற்றும், ஆனால் ஏற்றும். சமிக்காத மிச்சம் பெருங்குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். நிறையச் சாப்பிட்டால் வயிறு போகலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. அதை வாசித்துச் சொல்ல, கொண்டுவந்தவருக்கு நேரம் இல்லை. கொழும்பில் தங்கிப் படித்த காலத்தில் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அப்பாதான். வந்தவர் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை, வான்காரன் கீழே நிற்கிறான் என்று எழும்பிவிட்டார். பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு வந்து ஒரு பின்னேரம் அப்பாவோடு கதைத்திருந்தால் அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். இதைச் சொன்னால் சொந்தங்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

சரி, பெட்டிகளுக்கு வருகிறேன். ஃபெரேரோ ரொஷே ஓர் உருண்டை 12.5 கிராம், அதில் சீனி சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றியிருப்பதால் ஒன்றோடு நிறுத்துவது லேசு. மெர்சியில் பல ருசி இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுதான் பொருத்தம். குவாலிட்டி ஸ்ட்ரீட்டில் டொபி வகை அதிகம், கட்டுப்பல் உள்ளவர்களுக்குப் பாடு. மாமாவை நினைத்து வாங்குவதென்றால் என் தெரிவு 70 வீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள டார்க் சொக்லேட். 70 வீதத்தில் 100 கிராமுக்குச் சீனி 30 கிராம் அளவில் இருக்கும், பால் சொக்லேட்டில் 50ஐத் தாண்டும். கசப்பு இருப்பதால் ஒரு துண்டிலேயே மனம் நிறையும். காசு இடிக்குமென்றால் கண்டோஸ், ரிட்ஸ்பரி என்று இங்கே செய்பவற்றையும் பாருங்கள், கொக்கோ வீதத்தை வாசித்து எடுத்தால் சரி.

சீனியில்லாத டொபி, தொண்டை காய்ந்தால் சூப்ப ஒன்றிரண்டு பரவாயில்லை. அப்பாவின் சட்டைப் பையிலும் இருக்கும். ஆனால் அதைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொண்டுபோய், பத்துப் பேர் கேக் சாப்பிடும் இடத்தில் அவர் கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.