கோத்தகிரியில் வீடு வாங்கலாமா, வாடகைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக மாதம் 1.65 லட்சம் கைக்கு வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் போனால் போதும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 38,000. மகன் நான்காம் வகுப்பு, மகள் யூகேஜி. சரவணம்பட்டியில் சொந்த ஃபிளாட் இருக்கிறது. இன்றைக்கு விற்றால் 68 லட்சம் வரும், கடன் பாக்கி 22 லட்சம், இஎம்ஐ 31,000. மியூச்சுவல் ஃபண்டில் 18 லட்சம் இருக்கிறது. கோத்தகிரி பக்கம், 14 வில்லாக்கள் கட்டும் ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் 1.15 கோடிக்கு ஒரு வீடு பார்த்தோம். நல்ல பள்ளி 2 கிலோமீட்டரில், வீட்டுக்குப் பின்னாலேயே தேயிலைத் தோட்டத்தில் நடைபாதை. பிள்ளைகள் போனை வைத்துவிட்டு வெளியே ஓடட்டும் என்று ஆசை. இருவருக்கும் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 3.2 லட்சம். ஃபிளாட்டை விற்று, மீதிக்கு 70 லட்சம் கடன் வாங்கி இதை முடித்துவிடலாமா? மாடி அறையை ஹோம்ஸ்டேவாக விட்டால் மாதம் 25,000 வரும் என்கிறார் விற்பவர். டோக்கனாக 50,000 கொடுத்திருக்கிறோம். (வாசகர், கோவை)

பதில்: தாராளமாகக் குடிபோங்கள். வீட்டை மட்டும் இப்போது வாங்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது பள்ளி, பிள்ளைகள் ஓடியாட இடம், ஒரு வீடு. இதில் முதல் இரண்டுக்கும் வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு முகவரியைப் பொறுத்தது. அதனால் அங்கே நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீட்டு விலையும் ஏறி நிற்கும், வாங்குபவர்களும் தெரிந்தே அந்த விலையைக் கொடுக்கிறார்கள். நம் ஊர் தனியார் பள்ளி உங்களிடம் கிரையப் பத்திரம் கேட்பதில்லை. வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெஞ்சுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 1.15 கோடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் போட்டால் 10.35 லட்சம். ஆக 1.25 கோடி தாண்டுகிறது. ஃபிளாட்டை விற்று வங்கிக் கடனை அடைத்தால் மிஞ்சுவது 46 லட்சம். அதோடு 70 லட்சம் கடனைச் சேர்த்தாலும் 9 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். அலமாரி, கெய்சர், திரைச்சீலை, சாமான் ஏற்றும் லாரி எல்லாம் சேர்த்து 5 லட்சம் வையுங்கள். உங்கள் 18 லட்சத்தில் மூன்றரை லட்சம் சொச்சம்தான் மிஞ்சும். அவசரத்துக்கு என்று வைத்திருக்கவே அது போதாது. உங்கள் துறையில் வேலை போனால் அடுத்தது கிடைக்க எத்தனை மாதம் ஆகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

70 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 60,750. இதையே இப்படி யோசித்துப் பாருங்கள்: சரவணம்பட்டி ஃபிளாட் 17,000 வாடகைக்குப் போகிறது, கோத்தகிரியில் நீங்கள் 25,000 வாடகை கொடுக்கிறீர்கள், பழைய இஎம்ஐ 31,000 அப்படியே ஓடுகிறது. நிகரச் செலவு மாதம் 39,000. வருடத்துக்கு 2.6 லட்சம் மிச்சம். பள்ளிக் கட்டணத்தில் முக்கால் பங்குக்கும் மேல் அதிலேயே வந்துவிடுகிறது.

இந்தப் பள்ளிக் கட்டணத்தைத்தான் நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. 3.2 லட்சம் என்பது இந்த வருடக் கணக்கு. வருடம் 10 சதவீதம் ஏறினால் ஏழு வருடத்தில் 6.2 லட்சம் ஆகும். அப்போது மகன் பதினொன்றாம் வகுப்பில் இருப்பான், கோச்சிங் செலவு தனி. உங்கள் மகளுக்கு இன்னும் பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு பாக்கி. வீட்டுக் கடன் இஎம்ஐ ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், பள்ளிக் கட்டணம் நிற்காது. இரண்டும் சேர்ந்து அழுத்தப்போவது உங்களுக்கு 45 வயது ஆகும்போது.

அப்புறம் உங்கள் மனைவியின் வேலை. மலைக்குப் போனால் அந்த 38,000 நின்றுவிடும் என்றே கணக்குப் போடுங்கள். உங்கள் ஒரு சம்பளத்தில் 60,750 இஎம்ஐயும், மாதத்துக்கு 26,700 பள்ளிச் செலவும் போக 77,500 மிஞ்சும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்துக்கு ஒரு முறை போய்வர 130 கிலோமீட்டர், வாரத்தில் இரண்டு நாள். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பெட்ரோல், பிரேக், டயர் எல்லாமே சீக்கிரம் தீரும். அதற்கே மாதம் 9,000, 10,000 ஒதுக்க வேண்டியிருக்கும். நாளைக்கே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னால்? அப்போது வாடகை வீடு என்றால் இரண்டு மாத நோட்டீஸில் இறங்கிவிடலாம். வில்லா என்றால் வாங்குபவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மலையில் வீடு விற்பது கோவையில் ஃபிளாட் விற்பதுபோல் வேகமாக நடக்காது.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக அமையலாம். மலையில் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், உங்கள் மனைவி முதலில் அங்கேயே ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கட்டும். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை கொடுக்கும் பள்ளிகள் நிறைய உண்டு. சம்பளம் 30,000 ஆகவே இருந்தாலும், இரண்டு பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்றால் அது 43,000க்குச் சமம். வில்லாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசி முடியுங்கள்.

நடைபாதை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி: அது யாருடைய பாதை? தேயிலைத் தோட்டத்துப் பாதை என்றால் தோட்டக்காரருடையது. இன்றைக்கு விடுவார், நாளைக்கு வேலி போடுவார். விற்பவர் அதைப் பத்திரத்தில் எழுதித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் காட்டெருமையும் கரடியும் குடியிருப்புக்குள் வருவது வழக்கமான சங்கதி. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அவை நடமாடும் நேரம். பள்ளி 2 கிலோமீட்டர்தானே, பிள்ளைகள் நடந்து போகட்டும் என்று நினைத்தால் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேன் பிடியுங்கள் என்பார்கள். அதுவும் ஒரு மாதச் செலவு. 2024-ல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த லாங்வுட் சோலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அருமையான இடம். ஆனால் அது காப்புக்காடு, வனத்துறை விதிப்படிதான் உள்ளே போகலாம். இதற்கெல்லாம் பயந்து போகாமல் இருக்கச் சொல்லவில்லை. போனுக்கு வெளியே வளரும் பிள்ளைகள் வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அதற்காக வீட்டு விலையில் பத்து லட்சம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

ஹோம்ஸ்டே வருமானத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நீலகிரிக்குள் வெளியூர் வாகனம் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எனும் இணைய அனுமதிச் சீட்டு வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனுக்கு உயர் நீதிமன்றம் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வாகனம் என்று வரம்பும் வைத்தது. உரிமம் வாங்க வேண்டும், அதோடு மற்ற 13 வீட்டுக்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மலை வீட்டில் என் பெரிய பயம் மண்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். நீங்கள் வீடு பார்த்தது எந்த மாதம் என்று எழுதவில்லை. ஏப்ரல், மே வெயிலில் பார்த்து மயங்கியிருந்தால், அதே வீட்டை நவம்பரில் ஒரு முறை பாருங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா, மண் வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் வீடு நிற்கிறதா, கோடையில் தண்ணீர் ஊற்றிலிருந்தா லாரியிலிருந்தா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிறகு காகிதங்கள்: மனைப்பிரிவுக்கு டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம், அந்தக் கிராமம் ஹாக்கா எனும் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் அதன் தடையின்மைச் சான்று, நீலகிரியின் 7 மீட்டர் உயர வரம்புக்கு உட்பட்ட கட்டட அனுமதி, நிலம் நிபந்தனைப் பட்டாவில் (அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம்) இல்லை என்பதற்கு ஆதாரம், முப்பது வருட வில்லங்கச் சான்று. விற்பவர் காட்டும் வக்கீலை விட்டுவிட்டு, ஊட்டியிலோ குன்னூரிலோ நீங்களாக ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

வரி விஷயத்திலும் அவசரப்பட ஒன்றுமில்லை. ஃபிளாட்டை விற்ற லாபத்துக்கு விலக்கு வேண்டுமானால், விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் போதும். விற்காமல் வாடகைக்கு விட்டால், புதிய வரி முறையிலும்கூட அந்தக் கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது, அவ்வளவுதான். நீங்களே குடியிருக்கப்போகும் வில்லாவின் வட்டிக்குப் புதிய முறையில் எந்தக் கழிவும் கிடையாது.

ஆகவே ஜூனில் பள்ளி திறக்கும்போது 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். மிச்சமாகும் 21,750-ஐ மாதா மாதம் தனியாக ஒரு ஆர்டியில் (தொடர் வைப்புக் கணக்கு) போட்டு வாருங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் பார்த்த பிறகு மகனும் மனைவியும் வேண்டும் என்றால் அப்போது வாங்குவோம். அதற்குள் அந்த வில்லா விற்றுவிடுமே என்று யாராவது சொன்னால், கவலைப்படாதீர்கள்.

50,000 டோக்கனுக்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். 14 வீடுகள் கொண்ட திட்டம் ரேரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணைத் தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. அடுத்த தவணையாகப் பதினைந்து லட்சம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். டோக்கனைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.