பெல்ட்: தோலா, கல்லா?

கேள்வி: கல்வீச்சுச் செய்தியில் ‘பெல்ட்’ (pelt) என்ற ஆங்கில வினைச்சொல் பார்த்தேன். அகராதியோ விலங்குத் தோல் என்கிறதே? (ஆம்பூர் வாசகர்)

பதில்: பாதி விடை உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. என் அப்பா வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கெழுதினார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடி நீங்கி, பதனிடத் தயாரான தோலைத்தான் அங்கே ‘பெல்ட்’ என்பார்கள். கனடாவிலோ முடியோடு உரித்த பீவர் என்ற விலங்கின் தோலுக்கு அதே பெயர். 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனி வாங்கிக் குவித்தது அதைத்தான். முடி இருந்தாலும் பெல்ட், போனாலும் பெல்ட்! எனக்கு இன்றும் வியப்புதான்.

வினைச்சொல்லானால் சரமாரியாக எறிவது. ஒரே ஒரு கல்லுக்கு அது பொருந்தாது. மழை சடசடவென்று அடித்தாலும் இதே சொல். ‘ஃபுல் பெல்ட்’ என்றால் தலைதெறிக்க ஓடுவது. இடுப்பு பெல்ட் (belt) ஆங்கிலத்தில் ‘b’ எழுத்தில் தொடங்கும் வேறு சொல், தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.