96-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்

இதை முழுவதும் படித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். உங்கள் கணவரை இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதியை வழியில் படித்துக்கொள்ளலாம்.

நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது காலைப் பற்றி. கொரோனா வந்து தேறிய சில நாளில் இடது கால் தொடைவரை வீங்கியிருக்கிறது. தொடையிலிருந்து இடுப்புவரை ரத்தம் உறைந்திருப்பதாக டாப்ளர் ஸ்கேன் சொல்கிறது. கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி உறைவை எடுக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். ‘குழாய் உள்ளே போனால் ரத்தக்கட்டி உடைந்து இதயத்தை அடைத்துவிடும்’ என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டுப் பயந்துபோய், வீட்டுக்குக் கூட்டிவந்து 3 நாளாக ஆஸ்பிரின் கொடுக்கிறீர்கள். இத்தனையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி: ‘பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது, கொரோனா அசதிதான், ஆக்ஸிஜன் 96 இருக்கிறது.’

நீங்கள் அனுப்பிய படத்தில் 96 தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் 118 என்று இன்னொரு எண்ணும் தெரிகிறது. அது நாடித்துடிப்பு.

கொரோனாப் பெருந்தொற்று வந்ததும் வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் வாங்கினோம். ஆனால் அதில் ஒரு எண்ணை மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். காலில் உறைவு இருக்கும் ஒருவருக்குப் புதிதாக மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் இல்லாமல் படுத்திருக்கும்போதே நாடி 110-ஐத் தாண்டுகிறது என்றால், உறைவிலிருந்து ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது என்றுதான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். இல்லை என்று சி.டி. ஸ்கேன் சொல்லட்டும். நுரையீரல் ரத்தக்குழாய் அடைபட்டால், இதயத்தின் வலப்பக்கம் அந்த அடைப்பை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. அது திணறும்போது, வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். அந்த நேரத்தில் ஆக்ஸிஜன் அளவு நன்றாகவே இருக்கலாம். ஈடுகட்ட முடியாத கட்டத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். அதுவரை காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இனி அந்த வீடியோ. கட்டி உடைந்து மேலே போவதற்குக் கதீட்டர் தேவையில்லை. வீட்டில் சும்மா படுத்திருக்கும்போதே அது நடக்கும். உங்கள் வீட்டில் நடந்திருக்கலாம் என்பதுதான் என் கவலை. சிகிச்சையில், முழங்காலுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி உறைவுக்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நுரையீரல் அடைப்புக்குக் கை ரத்தக்குழாயில் ஏற்றினால் 2 மணி நேரத்தில் 100 மில்லிகிராம் போகும், உறைவைக் கரைக்கும் அதே மருந்து, கதீட்டர் வழியாக மணிக்கு 1 மில்லிகிராம் போல உறைவுக்குள்ளேயே சொட்டும். சிறு துணுக்குகள் நகரலாம். உறைவு மேலும் வளராமல் தடுக்க ஹெப்பாரின் என்ற மருந்தும் கூடவே ஓடும். நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது ரத்தக்கசிவைப் பற்றி. கரைக்கும் மருந்தின் உண்மையான ஆபத்து அதுதான். அந்த மருந்தே இல்லாமல் அகலமான குழாயால் உறைவை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு. பலருக்கு அதில் ஐ.சி.யூ.வில் ஓர் இரவுகூடத் தங்க வேண்டியிருக்காது. அது பெரிய விஷயம்.

காலில் உறைவு என்று வருகிற எல்லோருக்கும் கதீட்டர் வேண்டுமா? வேண்டாம். 692 பேரிடம் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், கதீட்டர் சிகிச்சை பெற்றவர்களுக்கும் 2 ஆண்டுகளில் நாள்பட்ட கால்வீக்கம் மொத்தத்தில் குறையவில்லை. ரத்தக்கசிவு மட்டும் கூடியது. பெரும்பாலோருக்கு, உறைவு மேலும் வளராமல் தடுக்கும் மருந்தே போதும். உங்கள் கணவருடையது இடுப்புவரை ஏறிய புது உறைவு. டாக்டர் கதீட்டரை யோசித்ததில் நியாயம் இருக்கிறது. 2 வாரம் தாண்டினால் உறைவு இறுகி, ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு குழாய் விட்டும் பெரிய பலன் கிடைக்காது. அதில் 3 நாளை வீட்டிலேயே கழித்துவிட்டீர்கள்.

ரத்தம் உறைவதைக் காட்டும் பரிசோதனையான டி-டைமர் 2,400 என்று மூன்று முறை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். கொரோனா வந்தாலே அது ஏறும். ஸ்கேனிலேயே உறைவைப் பார்த்த பிறகு அந்த எண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. தினமும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதை விடுங்கள். ராத்திரியில் வலது காலைப் பிடித்திழுப்பது வெறும் தசைப்பிடிப்பு போலத்தான் தெரிகிறது. மருத்துவமனைக்குப் போனால் மறுபடி கொரோனா தொற்றுமே என்கிறீர்கள். தேறிச் சில நாளே ஆனவருக்கு அது அரிது. முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள்.

வீங்கிய காலை அமுக்கிவிடாதீர்கள். ஆஸ்பிரினையும் இனிக் கொடுக்காதீர்கள். இந்த உறைவுக்கு அது போதாது, ரத்தக்கசிவை மட்டும் கூட்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உங்கள் வண்டியில் ஏற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். டாப்ளர் அறிக்கை கையில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் முதலில் வருகிற டாக்டரிடமே ‘காலில் உறைவு, மூச்சு வாங்குகிறது, நாடி 118’ என்று சொல்லுங்கள். எத்தனை ஆஸ்பிரின் கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கரைப்பதா, உறிஞ்சி எடுப்பதா என்று முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் எடுப்பார்கள்.