உஜ்ஜயினி, ஓங்காரேசுவரம்: இந்தூரில் தங்காமல் ஐந்து நாளில் ஒரு சுற்று

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பெற்றோரை உஜ்ஜயினி, ஓங்காரேசுவரம் ஆகிய இரு ஜோதிர்லிங்கத் தலங்களுக்கும் அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. இந்தூரில் அறை எடுத்துத் தினமும் போய்வரலாம் என்கிறார் பயண முகவர். ஐந்து நாளில் மாண்டு, மகேசுவர் ஆகிய பழைய நகரங்களையும் பார்க்க முடியுமா? ஆடி மாதத்தில் போகலாமா?

பதில்: நான்கையும் பார்த்துவிடலாம், ஆனால் இந்தூரில் தங்க வேண்டாம். உஜ்ஜயினி இந்தூருக்கு வடக்கே சுமார் 55 கி.மீ., ஓங்காரேசுவரம் தெற்கே சுமார் 80 கி.மீ. தினமும் போய்வந்தால் பெற்றோருக்குக் காரிலேயே பொழுது போய்விடும் என்பதோடு, இத்தலங்களில் விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் நடக்கும் வழிபாடுகள் அனைத்தும் கைநழுவிப் போகும். விமான நிலையத்திலிருந்தே ஐந்து நாளைக்கும் ஒரே காரைப் பேசிக்கொண்டு, உஜ்ஜயினியில் இரண்டு இரவும் மகேசுவரிலும் ஓங்காரேசுவரத்திலும் ஒவ்வோர் இரவும் தங்குங்கள்.

உஜ்ஜயினி மகாகாலேசுவரர் கோயிலில் விடிகாலை 4 மணிக்கு நடக்கும் பஸ்ம ஆரத்திக்குக் கோயிலின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்த அடையாள அட்டையின் அசலையும் கையில் வைத்திருக்க வேண்டும். திருநீறு சார்த்தும் சில நிமிடங்கள் பெண்களை முக்காடிட்டு முகத்தை மறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதை அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். கருவறைக்குள் சென்று தொட்டு வணங்குவது 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது, ஆகையால் அந்த எதிர்பார்ப்போடு கிளம்பும் முன் இப்போதைய நிலையை விசாரித்துக்கொள்வது நல்லது. மாலையில் ஹரசித்தி அம்மன் கோயிலின் இரண்டு தீபத் தூண்களையும், க்ஷிப்ரா நதிக்கரையில் ராம் காட் படித்துறையின் ஆரத்தியையும் நிதானமாகப் பார்க்கலாம். நகரில் சவாய் ஜெய்சிங் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த வானாய்வுக்கூடமும் உண்டு.

மூன்றாம் நாள் காலையில் கிளம்பி, தார் வழியாக மாண்டுவுக்குச் செல்லுங்கள். மாண்டு மால்வா சுல்தான்களின் மலைக்கோட்டைத் தலைநகரம். இரண்டு குளங்களுக்கு நடுவே கப்பல்போல நீளும் ஜகாஸ் மகாலும், வெண்பளிங்கில் எழுந்த ஹோஷங் ஷா கல்லறையும் போதும். ஷாஜகானின் கட்டடக் கலைஞர்கள் 1659-இல் வந்து இக்கல்லறைக்கு மரியாதை செலுத்தியதைச் சொல்லும் கல்வெட்டு அதன் வாசல் நிலையிலேயே இருக்கிறது, பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ரூப்மதி மண்டபம் ஏறிப்போக வேண்டிய இடம் என்பதால், அம்மாவை வற்புறுத்தாதீர்கள்.

மாண்டுவிலிருந்து மகேசுவர் சுமார் 40 கி.மீ. காசி விசுவநாதர் கோயிலை 1780-இல் மீண்டும் எழுப்பிய அகல்யாபாய் ஹோல்கரின் தலைநகரம் இதுதான். இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் நான் மகேசுவரைத்தான் சொல்வேன். கோட்டைச் சுவரை ஒட்டி நர்மதையில் இறங்கும் படித்துறைகள் பெரிய கூட்டமில்லாமல் கிடக்கின்றன. களிமண்ணில் சிறுசிறு லிங்கங்களாகப் பிடித்து, பலகையில் வரிசையாக வைத்துப் பூசித்து, ஆற்றில் கரைக்கும் வழிபாடு அரசியின் காலந்தொட்டு இங்கே காலையில் நடந்துவருகிறது. மகேசுவரிப் புடவைகளைத் தறியிலேயே பார்த்து வாங்கலாம்.

ஓங்காரேசுவரம் நர்மதைக்கு நடுவே உள்ள தீவு. படகில் போனால் இரு கரையிலும் படித்துறை ஏறி இறங்க வேண்டியிருக்கும், மூட்டுவலிக்காரர்களுக்குப் பாலமே மேல். தீவைச் சுற்றிவரும் சுமார் 7 கி.மீ. பரிகிரமையை விட்டுவிடலாம், தென்கரையிலுள்ள மமலேசுவரரை விட்டுவிடக் கூடாது, இரண்டையும் தரிசித்தால்தான் ஜோதிர்லிங்க தரிசனம் நிறைவு பெறும் என்பது மரபு. இங்கே இரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் சயன ஆரத்தி: சிவனும் பார்வதியும் ஆடுவதற்கென்று சன்னதியில் சொக்கட்டான் பலகையை விரித்துவைத்து நடை சாத்துவார்கள்.

ஆடியைப் பொறுத்தவரை, மாண்டு பசுமையாக இருப்பது மழைக்காலத்தில்தான் என்றாலும், ஆடி மாதம் வடநாட்டில் சிவனுக்கு உகந்த சிராவண மாதத்தோடு பெரும்பகுதி சேர்ந்தே வருவதால் உஜ்ஜயினியில் நெரிசல் தாங்காது. திங்கட்கிழமைகளில் மகாகாலரின் ஊர்வலத்துக்கு நகரமே தெருவில் நிற்கும், அது அடுத்து வரும் பாத்ரபத மாதத் தொடக்கத்திலும் தொடரும். புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலான காலத்தில், நவராத்திரி, தீபாவளி நாட்களைத் தவிர்த்துவிட்டு, செவ்வாய் அல்லது புதனன்று உஜ்ஜயினி சேருமாறு பதிவு செய்யுங்கள். 2028 கோடையில் அங்கே சிம்மஸ்த கும்பமேளா என்பதால், முதியவர்களுடன் அப்போது வேண்டாம். ஓங்காரேசுவரத்திலிருந்து இந்தூர் வரும் வழியில் மலைப்பாதை உண்டு, ஊர் திரும்பும் விமானத்தை மாலைக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள்.