தெருமுனையில் ஏன் இறக்கிவிட்டீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 41. விழுப்புரத்தில் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளித் தோழனோடு செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். அங்கே இருக்கிற மூன்று மலையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டும் பார்த்தாயிற்று என்று, யாரும் அதிகம் போகாத சந்திராயன்துர்க்கத்தில் ஏறினோம். சரியான பாதை கிடையாது. பாறையைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம், பல வருடம் கழித்து மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இறங்கும்போது அவன் சறுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒருவழியாகக் கூட்டி வந்து, இரவு ஒன்பது மணிக்கு அவன் தெருமுனையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீங்கிய காலில் போட முடியாத அவனுடைய ஷூ இன்னும் என் பைக் பெட்டியில்தான் கிடக்கிறது. இப்போது என் மனைவி, ‘இனி அவரோடு எங்கேயும் போகக் கூடாது’ என்கிறாள். செஞ்சியை ஆண்ட தேசிங்குராஜனும் அவன் உயிர்த்தோழன் மகபத்கானும் மாதிரிப் பழகியவர்கள் நாங்கள். வருடத்தில் ஒருநாள் நண்பனோடு மலையேற எனக்கு உரிமை இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாதத்துக்கு இரண்டு கடிதமாவது இப்படி வந்துவிடும். மலை இல்லாவிட்டால் அருவி, அருவி இல்லாவிட்டால் பைக்கில் லடாக். கடைசி வரி மட்டும் மாறாது. உரிமை இருக்கிறது தம்பி, போய்விட்டு வாருங்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு.

தெருமுனையில் இறக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கால் பிசகினவரை, இரவு ஒன்பது மணிக்கு, ஒரு காலில் ஷூ இல்லாமல். ஏன் தெருமுனை? அந்தத் தெருவுக்குள் பைக் போகாதா? வாசல் வரை போயிருந்தால் அவர் மனைவியோ அம்மாவோ வெளியே வந்திருப்பார்கள். விளக்கைப் போட்டு, காலைப் பார்த்து, ‘என்ன ஆச்சு, எங்கே கூட்டிட்டுப் போனே?’ என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நீங்கள் வண்டியைத் திருப்பினீர்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

இன்னொன்றும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த ஷூ இன்னும் உங்கள் பெட்டியில் கிடக்கிறது. அப்படியென்றால் இந்த ஒரு மாதத்தில் நீங்கள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தாரா, கட்டுப் போட்டாரா, வேலைக்குப் போகிறாரா, ஒரு வார்த்தை இல்லை. உச்சியில் விட்ட மூச்சைப் பற்றி மட்டும் இருக்கிறது.

மலையைக் குறை சொல்ல மாட்டேன். ராஜகிரி உச்சியில் நானும் நின்றிருக்கிறேன். சுமார் எண்ணூறு அடி உயரம், ஆனால் படி இருக்கிறது, முன்னால் பின்னால் ஆள் இருக்கிறது. 2025-ல் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகும், வருகிறவர்கள் அந்த இரண்டு மலையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். மூன்றாவதில் முள்ளும் உருண்டைப் பாறையும்தான் துணை. ஏறும்போது கை பிடிக்கும், கண் மேலே இருக்கும். இறங்கும்போதுதான் பாறைமேல் உதிர்ந்து கிடக்கிற பொடிமணல் காலை வாரும். முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்து திணறியது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினீர்கள். சரி, சறுக்குவது யாருக்கும் நடக்கும். அதற்காக நான் திட்டவில்லை.

எங்கள் அப்பா பக்கத்து ஊருக்குக் கூத்துப் பார்க்கப் போகும்போது அடுத்த வீட்டுப் பையனையும் கூட்டிப்போவார். திரும்ப விடியற்காலை மூன்று மணி ஆகும். அந்த நேரத்திலும் பையனின் அம்மாவை எழுப்பி, லாந்தர் வெளிச்சத்தில் அவனை முன்னால் நிறுத்தி, ‘இந்தாம்மா, எண்ணிப் பாத்துக்க, ரெண்டு கை, ரெண்டு கால்’ என்பார். ஒருமுறை அவன் வரப்பில் விழுந்து முழங்கை சிராய்த்துவிட்டது. அப்பா முதலில் காட்டியது அந்த முழங்கையைத்தான். அந்த அம்மா தெருவே கேட்கிற மாதிரித் திட்டித் தீர்த்தார்கள். அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். அடுத்த கூத்துக்கும் அந்தப் பையன் வந்தான், அனுப்பியதும் அதே அம்மாதான்.

ஒரு வீட்டு ஆளைக் கூட்டிப்போனால் அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அவருக்கு நாற்பது வயதானால் என்ன? வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் சாயங்காலம் திரும்ப வேண்டிய ஆள். இதைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தத் தேசிங்கு கதை. 1714-ல் நடந்த சண்டை. மகபத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காக உயிரை விட்டான் என்று உங்கள் பக்கத்தில் பாடுவார்கள். நீங்கள் நண்பனுக்காகத் தெருமுனையிலிருந்து நாற்பதடி போகவில்லை. அந்தப் பெயரை இனி எடுக்காதீர்கள். (அந்தக் கதையில் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது நெருப்பு. செட்டிக்குளக்கரையில் தேசிங்கின் ராணி உடன்கட்டை ஏறினாள் என்பார்கள். நட்பைப் புகழ்கிறவர்கள் அந்த இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.)

உங்கள் மனைவிக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களே சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள். ரேஷன் கடையிலோ பள்ளிக்கூட வாசலிலோ உங்கள் நண்பர் வீட்டுப் பெண்ணே சொல்லித்தான் இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நட்ட நடுவில் பதில் தெரியாமல் நின்றவர் இவர். அவர் ‘போகக் கூடாது’ என்கிறார் என்றால், மலைமேல் அவருக்கென்ன விரோதம்? அடுத்த தடவை சறுக்குவது நீங்களாக இருந்தால், உங்களையும் யாராவது தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவார்களோ என்ற பயம்தான்.

இன்று கடையை ஒரு மணி நேரம் முன்னால் சாத்துங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். ‘நான்தான் கூப்பிட்டேன், நான்தான் அந்த மலைக்குக் கூட்டிப்போனேன்’ என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். மருத்துவச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள், வேண்டாம் என்றாலும் கொடுங்கள். திட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். பெட்டியில் இருக்கிற ஷூவைத் துடைத்து எடுத்துப்போங்கள். பைக்கை வாசலில் நிறுத்துங்கள்.