இது யார் குரல்? பினாங்கிலிருந்து சில பூச்சிக் கேள்விகள்

நம் ஊரில் கோடை என்று தனியாக ஒன்று இல்லை. ஆண்டு முழுக்கக் கச்சேரிதான். அதனால் பூச்சிப் பாட்டைக் கண்டுபிடிக்க மாதத்தைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள்.

கே: அண்ணே, தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் காலை பத்து மணிக்கு ரம்பம் அறுப்பதுபோல் ஒரே இரைச்சல். ரியாங்-ரியாங்கா, செங்கெரிக்கா? (ஜார்ஜ்டவுன்)

ப: ரியாங்-ரியாங், அதாவது நம் சில்வண்டு. வெயிலில், மர உயரத்திலிருந்து, இடைவெளியே இல்லாமல் வந்தால் பெரும்பாலும் அதுதான். செங்கெரிக் என்கிற சுவர்க்கோழி இருட்டிய பிறகு தரையோரமாக 'கிரி கிரி' என்று விட்டு விட்டுக் கத்தும்.

சத்தம் பிறக்கும் விதமே வேறு. சுவர்க்கோழி முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசும். சில்வண்டுக்கு வயிறு தொடங்கும் இடத்தில் இருபுறமும் வரி வரியான சவ்வு உண்டு. மைலோ டின் மூடியை அமுக்கி விட்டால் 'டக்' என்குமே, அதேபோல் தசை அந்தச் சவ்வை இழுத்து இழுத்து விடுகிறது. நொடிக்குப் பல நூறு டக். போதாததற்கு ஆணின் வயிறு மத்தளம்போல் உள்ளே வெற்றாக இருக்கும். பெண் அமைதியானவள், என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

கே: கடிக்குமா?

ப: மரச்சாறு குடிக்கிற பூச்சி. பயப்படாதீர்கள்.

கே: அந்தியில் கூவும் பெரிய சில்வண்டை 'ஆறு மணிப் பூச்சி' என்கிறார்களே, தெலுக் பாஹாங் காட்டில் ஏழு மணிக்கு மேல்தானே கேட்கிறது? (பாலிக் பூலாவ்)

ப: பூச்சிக்குக் கடிகாரம் ஏது? வெளிச்சம் மங்குவதுதான் அதற்குக் கணக்கு. நாம்தான் 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தோம். இங்கே பொழுது சாய்வதே ஏழை ஒட்டித்தான். அந்திப் பாடகர்களில் மெகாபொம்போனியா இம்பெரடோரியா என்றொரு ராட்சசன் உண்டு. சிறகை விரித்தால் சுமார் 20 செ.மீ. இருக்கும், பள்ளிக்கூட அடிக்கோல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

கே: வேலியோரம் 'ஸ்ஸ்' என்று ஏதோ மெல்லக் கேட்கிறது. அம்மா, ஒன்றுமே இல்லையே என்கிறார். யார் காதில் கோளாறு? (புக்கிட் மெர்தாஜாம்)

ப: யாருக்கும் கோளாறு இல்லை. இலைபோலவே இருக்கும் பச்சை வெட்டுக்கிளியாக இருக்கலாம். அதன் சுருதி மிக உச்சம், சில இனங்கள் பாடுவது மனிதக் காதுக்கே எட்டாது. வயது ஏற ஏற நமக்கு முதலில் குறைவது உச்சச் சுருதிதான். எனக்கும் பாதி போய்விட்டது. அதனால் பேத்தியைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

கே: மழை விட்ட சாயங்காலம் திடலில் மண்ணுக்குள்ளிருந்து கரகரவென்று ஓயாத ஒலி. தவளையா? (பட்டர்வொர்த்)

ப: பிள்ளைப்பூச்சி. ஆண் தன் வளை வாயை நாதஸ்வர அணைசுபோல் விரித்துத் தோண்டி, உள்ளே இருந்து பாடும். வளையே ஒலிபெருக்கி. கிட்டே போனால் காலடி அதிர்வில் நிறுத்திவிடும். நண்பரை வேறு பக்கம் நிற்கச் சொல்லுங்கள். இருவரும் சத்தம் வரும் திசையைக் கைகாட்டினால், கோடுகள் வெட்டும் இடத்தில் வளை.

கே: சுவர்க்கோழி சத்தத்தை எண்ணி வெப்பநிலை சொல்லலாமாமே?

ப: 1897இல் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கே போட்டார். ஆனால் அது அந்த ஊர்ப் பூச்சிக்கு. இங்கே இரவுக்கு இரவு வெப்பம் அதிகம் மாறாது. வேண்டுமானால் கொடிமலைக்குப் போங்கள்; 800 மீட்டருக்கு மேல், கீழேயிருப்பதைவிட ஐந்து டிகிரி குளிரும். ஒரே இனம் அங்கே நிதானமாகப் பாடுவதைக் கேட்கலாம்.

கே: நடுராத்திரியில் 'டொக் டொக்' என்று கட்டையில் தட்டுவதுபோல் கேட்கிறது. கெட்ட சகுனம் என்கிறார் மாமியார். என்ன பூச்சி அண்ணே? (ஆயர் ஈத்தாம்)

ப: பூச்சியே இல்லை தங்கச்சி, பக்கிக்குருவி. மலாய்க்காரர்கள் அதற்குக் கல்லறையைச் சேர்த்துத் 'தோக்-தோக் குபூர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மாமியார் பயம் அங்கிருந்து வந்திருக்கும். உங்கள் வீட்டு விளக்கைச் சுற்றும் பூச்சிகளைத் தின்னத்தான் அது வருகிறது என்று சொல்லிப் பாருங்கள்.