பால் மாவும் மரபணுவும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு நான்கு மாதம். பிரசவ விடுப்பு முடிந்து ஃபேக்டரிக்குத் திரும்பிவிட்டேன். பகலில் மாமியார் பால் மாவு கலக்கிக் கொடுக்கிறார், இரவில் நான் தாய்ப்பால் கொடுக்கிறேன். போன வாரம் வந்த நாத்தனார், "சில பிள்ளைங்களுக்கு மூளைக்கு வேண்டிய கொழுப்பு மரபணுவாலேயே சரியா ஊறாதாம், அவங்களுக்குப் பால் மாவு கொடுத்தா படிப்பு ஏறாதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து தூக்கமே இல்லை. மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டுமா? இன்னும் விலை கூடிய டின்னுக்கு மாறலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பரிசோதனை வேண்டாம். விலையைப் பார்த்து டின்னை மாற்றவும் வேண்டாம். இன்றிரவாவது நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார் சொன்னதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. மூளைக்கும் கண்ணுக்கும் முக்கியமான கொழுப்பு அமிலங்கள் இரண்டு: டிஎச்ஏ, ஏஆர்ஏ. தாவர எண்ணெயில் உள்ள சின்னக் கொழுப்பு அமிலங்களை நீட்டியும் மாற்றியும் நம் உடலே இவற்றைக் கொஞ்சம் செய்துகொள்ளும். அந்த வேலைக்கான முக்கிய நொதிகள் இரண்டை உண்டாக்குபவை 11ஆவது குரோமோசோமில் இருக்கும் ஃபேட்ஸ்1, ஃபேட்ஸ்2 (FADS1, FADS2) மரபணுக்கள். சிலருக்கு அவை சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். மந்தமான வகை உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த அமிலங்கள், முக்கியமாக ஏஆர்ஏ, குறைவாக இருப்பது உண்மைதான்.

ஆனால் உடல் தானே செய்ய வேண்டியிருக்கும்போதுதான் மரபணுவின் கை ஓங்கும். தாய்ப்பாலில் இரண்டும் செய்து முடித்த நிலையிலேயே வருகின்றன. பழைய பால் மாவுகளில் வெறும் தாவர எண்ணெய்தான் இருந்தது. அவற்றைக் குடித்த பிள்ளைகளின் இரத்தத்தில் டிஎச்ஏ குறைவாக இருந்தது. அப்புறம்தான் பாசியிலிருந்தும் மீன் எண்ணெயிலிருந்தும் எடுத்த டிஎச்ஏவையும், ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து எடுத்த ஏஆர்ஏவையும் சேர்க்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் 2020 முதல் டிஎச்ஏ கட்டாயம், ஏஆர்ஏ கட்டாயமில்லை. அதனால் டின்னைத் திருப்பி, பொடி எழுத்தில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போதும். நடுத்தர விலை டின்னிலும் இருக்கும்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். நாத்தனார் காதுக்கு எட்டியது 2007இல் வந்த ஓர் ஆய்வாக இருக்கலாம். நியூசிலாந்தின் டனீடன் நகரத்துப் பிள்ளைகளையும் பிரிட்டன் பிள்ளைகளையும் வைத்துச் செய்தது. ஃபேட்ஸ்2இன் ஒரு வகை உள்ளவர்களுக்குத்தான் தாய்ப்பாலால் அறிவுத்திறன் மதிப்பெண் கூடியது என்றார்கள். 2010இல் பிரிட்டனில் பல ஆயிரம் பிள்ளைகளிடம் பார்த்தபோது அந்த முடிவு அப்படியே வரவில்லை. வேறு வகை உள்ளவர்களுக்குத்தான் தாய்ப்பால் கூடுதலாக உதவியதுபோலத் தெரிந்தது. இப்படி முன்னும் பின்னும் போகிற ஒன்றை வைத்து உங்கள் மகனின் படிப்பை யாரும் கணிக்க முடியாது. கணிக்கவும் கூடாது.

இன்னொன்று. 2016இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புனேயில் உள்ளவர்களோடு சேர்ந்து ஃபேட்ஸ் மரபணுவில் ஒரு மாறுபாட்டைத் தேடினார்கள். தாவர உணவிலிருந்து இந்த அமிலங்களைச் சுறுசுறுப்பாகச் செய்யும் வகை அது. அவர்கள் பார்த்த இந்தியர்களில் 68 சதவீதம் பேருக்குத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலுமே அது இருந்தது. அமெரிக்கர்களில் 18 சதவீதம்தான். புனேக்காரர்களின் கணக்கு நம் தோட்டத்து மக்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் "நம்ம மரபணுவே கோளாறு" என்று யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள்.

டின்னைத் திருப்பும்போது செம்பனை எண்ணெயும் கண்ணில் படலாம். பயப்பட வேண்டாம். அதில் உள்ள பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தாய்ப்பாலிலும் நிறைய உண்டு. தாய்ப்பாலில் அது பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறின் நடுவில் இருக்கும், செம்பனையில் பெரும்பாலும் ஓரங்களில். ஓரத்தில் இருப்பது குடலில் பிரிந்து கால்சியத்தோடு சேர்வதால் மலம் கெட்டிப்படும். மகனுக்கு அப்படி இருந்தால் கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாமியாரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: டின்னில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் மாவும் தண்ணீரும். மாதக் கடைசியில் மாவு தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டுவதும், கண்டென்ஸ்டு பாலைக் கரைத்துக் கொடுப்பதும் நம் தோட்டங்களில் நடந்தவை. மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இலேயே சிங்கப்பூரில் மேடையேறி, அந்த டின் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க வைப்பதைக் கொலை என்றே சொன்னார். எந்த மரபணுவையும்விட எனக்கு இதுதான் பயம்.

உங்கள் பாலில் டிஎச்ஏ எவ்வளவு என்பதை நீங்கள் சாப்பிடும் மீன் பெரிதும் தீர்மானிக்கிறது. வாரத்தில் இரண்டு முறை கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) குழம்பு வையுங்கள். பால் சுறாப் புட்டு வேண்டாம். சுறாவில் பாதரசம் அதிகம். இரவில் தாய்ப்பால் கொடுப்பதை விடாதீர்கள், இரவில் மட்டும்தானே என்று அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மலேசியச் சட்டம் 98 நாள் பிரசவ விடுப்புத் தருகிறது. அதற்குப் பிறகு பாலைப் பீய்ச்சிவைக்க ஃபேக்டரியில் ஓர் அறையும் அரை மணி நேரமும் தரலாமே. சூப்பர்வைசரிடம் கேளுங்கள், அங்கே பிள்ளை பெற்ற மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா